பாலகோபால் பொருத்திய குழல்

என் வீட்டுக்காரர் பாலகோபால் யாரிடமும் "முடியாது" என்று சொன்னதே இல்லை. அந்த ஒரு வார்த்தை அவர் வாயில் வராததால் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு மனிதர் செத்துப்போனார். ஊரில் இதை வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். நடந்தது எனக்குத் தெரியும், நான் சொல்கிறேன்.

கட்டிய புருசன் பேரை இப்படிப் பளிச்சென்று சொல்கிறாளே என்று எங்கள் சொந்தத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்காக நான் எழுதவில்லை.

எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது அவர் பீளமேட்டில் ஒரு மில்லின் வொர்க்ஷாப்பில் டர்னராக இருந்தார். மில் இழுத்துப் பூட்டியதும் டவுனுக்குப் போய்த் தன் சித்தப்பாவின் துப்பாக்கி ரிப்பேர் கடையில் உட்கார்ந்தார். சித்தப்பாவுக்குப் பிள்ளையில்லை. அவர் காலமான பிறகு லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்ற ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, கடைசியில் வாங்கிவிட்டார். பெரிய கடையெல்லாம் இல்லை. சந்துக்குள் ஒரு அறை, ஒரு பட்டறை மேசை, கம்பிக் கதவு. மத்தியானம் நான் சாப்பாடு கொண்டுபோனால் சாயந்திரம் வரை அங்கேயே இருந்துவிட்டு அவரோடு பஸ் ஏறி வருவேன்.

மனிதர் தங்கம். ஆனால் இந்த மரியாதை இருக்கிறதே, அது அவருக்கு ஒரு வியாதி. நாங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. அதில் வாய்க்கு வாய் "அண்டி". வெளியே வந்தால் தமிழில் "ங்க". பால்காரனுக்கு ங்க, பிச்சைக்காரனுக்கு ங்க. ஒரு நாள் கடை வாசலில் படுத்திருந்த எருமையிடம் "கொஞ்சம் நகருங்க" என்றார். நான் என் காதால் கேட்டேன். சிங்காநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் மண்டபம் தவறி வேறொரு கல்யாணத்தில் நுழைந்துவிட்டார். "வாங்க வாங்க" என்று யாரோ கையைப் பிடித்ததும், "நான் உங்க ஆளில்லை" என்று சொல்ல வாய் வரவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, மேடை ஏறிப் போட்டோவுக்கும் நின்றுவிட்டு வந்தார். இன்றைக்கும் யார் வீட்டு ஆல்பத்திலோ என் வீட்டுக்காரர் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். அப்போது சிரிக்க முடிந்தது.

தொண்ணூற்று நாலு ஐப்பசியில் காளிச்சாமிக் கவுண்டர் கடைக்கு வந்தார். தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் வாழையும் தென்னையும் வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். பேச்சுக் குறைவு, கோபம் அதிகம் என்பது பார்த்ததுமே தெரிந்தது. கோணிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். ஒற்றைக் குழல், ஒடிக்கிற துப்பாக்கி. நடுவில் கீல் இருக்கும். குழலைக் கீழே மடக்கிப் பின்வாயில் தோட்டாவைப் போட்டு, நிமிர்த்தி மூடிச் சுட வேண்டும். காட்டுப்பன்றியையும் யானையையும் விரட்டுவதற்கென்று அவர் அப்பா காலத்திலேயே லைசென்ஸ் வாங்கியது. குழலின் முன்வாய் வீங்கி, ஓரம் கிழிந்திருந்தது.

"என்ன ஆச்சுங்க?" என்று இவர் கேட்டார்.

"குளவி மண்ணு வெச்சிருமேன்னு வாயில துணி அடைச்சிருந்தனுங்க. ஆத்தரத்துல அதை உருவ மறந்துபோட்டேன்."

"பன்னி வந்துச்சுங்களா?"

"பன்னியில்லீங்க. என்ற தம்பி மோகன்குமாரு." அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. "கெணறு பொதுவுங்க. மோட்டார் போடற மொறையில தகராறு. அந்த நாயி என்னைக் கைநீட்டிப் பேசிப்போட்டான். சுட்டே போடறதுன்னுதானுங்க எடுத்தேன். கடைசி நேரத்துல மனசு கேக்கலை, மேல பாத்து இழுத்துப்போட்டேன். அவன் தலை தப்பிச்சுது."

நான் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன். இவரோ, "பரவாயில்லீங்க, கையில அடிபடலையே" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்! வேறு குழல் போட ஆபீஸில் அனுமதி எழுதி வாங்கி வரச் சொன்னார். வால்பாறையில் ஒரு எஸ்டேட்காரர் விற்ற அதே ரகத் துப்பாக்கியின் குழல் தன்னிடம் இருப்பதாகவும் சொன்னார். கவுண்டர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"இந்த ஆளுக்கா துப்பாக்கியைச் சரி பண்ணிக் கொடுக்கப் போறீங்க?" என்றேன்.

"கோவத்துல பண்ணிட்டாரு அம்மணி. மேல பாத்துத்தானே சுட்டாரு."

"அடுத்த தடவை நேராப் பாத்துச் சுட்டா?"

அவர் கிழிந்த குழலைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஒரு குழலை எடுத்து இன்னொரு துப்பாக்கியில் மாட்டிவிட முடியாது. ஒரே கம்பெனி, ஒரே ரகமானாலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். சரியாக உட்காரவில்லை என்றால் வெடிக்கும்போது நெருப்பு பின்னால் சுடுகிறவன் முகத்தில் வரும். அதனால் இவர் விளக்குக் கரியைக் குழலின் பின்புறம் பூசி, மூடித் திறந்து பார்ப்பார். கரி எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே இடிக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தை மட்டும் அரத்தால் ஒரு தடவு. மறுபடி கரி, மறுபடி மூடல். நாள் கணக்காகப் போகும் வேலை. அவசரப்பட்டு ஒரு தடவு கூடுதலாகிவிட்டால் குழல் பாழ். கவுண்டர் அனுமதிக் கடுதாசி கொண்டுவந்து கொடுத்த பிறகு இவர் குனிந்த தலை நிமிராமல் அதையே செய்துகொண்டிருந்தார். எனக்கு அந்த அரச் சத்தமே பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவுக்கும் யாரோ ஒருவருக்கு ஆயுசு குறைகிற மாதிரி இருந்தது.

கார்த்திகை பிறந்து கொஞ்ச நாள் கழித்து, நான் கடைக்குப் போகாத ஒரு நாளில், கவுண்டர் மறுபடி வந்திருக்கிறார். அன்றைக்குச் சாயந்திரம் இவர் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"அந்தத் தொண்டாமுத்தூர்க் கவுண்டரு வந்திருந்தாரு" என்றார். "சீக்கிரம் வேணுமாம். ஏனுங்க இத்தனை அவசரம்னு கேட்டேன். 'அவரு சாளையில தனியாப் படுக்கறாருங்க'ன்னாரு. ஆருங்கன்னேன். 'என்ற தம்பிங்க'ன்னாரு. 'கார்த்திகை முடியறதுக்குள்ள துப்பாக்கி என் கையில இருக்கோணும், எனக்குத் தூக்கமே இல்லீங்க'ன்னாரு."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. இவர்தான், அம்பு என்று என் செல்லப் பேரைச் சொல்லி, குரல் இறங்கிப்போய்ச் சொன்னார்: "போன தடவை அவன், நாயின்னாரு. இப்ப அவருங்கறாரு அம்பு. தம்பிக்கு ங்க போடறாரு."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கூடப் பிறந்தவனை "அவன்" என்று திட்டுகிற வரைக்கும் உறவு இருக்கிறது. கோர்ட்டுக்குப் போய்த் திரும்பிய அண்ணன் தம்பிகள், சொத்தைப் பிரித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட பங்காளிகள், இவர்கள்தான் ஒருத்தரை ஒருத்தர் "அவுங்க", "அவரு" என்பார்கள். அந்த மரியாதையில் உறவு அறுந்துபோயிருக்கும். என்னுடைய இரண்டு மாமன்களும் அப்படித்தான். ஒரே தெருவில் இருந்துகொண்டு "அவுங்க வந்தா நாங்க வரலீங்க" என்றே காலத்தை ஓட்டினார்கள். கிணற்று மேட்டில் துப்பாக்கி தூக்கிய மனிதர் இப்போது "அவரு" என்கிறார். தம்பி சாளையில், அதாவது தோட்டத்துக் குடிசையில், தனியாகப் படுப்பதைச் சொல்கிறார். தனக்குத் தூக்கமில்லை என்கிறார்.

"ஏன் தனியாப் படுக்கறாருன்னு கேட்டீங்களா?"

"அடுத்தவங்க குடும்ப விசயம். எப்படிக் கேக்கறது?"

"அப்ப ஒண்ணு செய்யுங்க. காலைல போயி, முடியாதுன்னு துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துடுங்க. இல்லை, போலீசுல போயி இந்த மாதிரின்னு சொல்லுங்க."

"என்னை நம்பிக் கொடுத்திருக்காரு. மூஞ்சிக்கு நேரா எப்படி அம்பு முடியாதுங்கறது? போலீசுக்குப் போனா, வெறும் பேச்சை வெச்சு ஒரு மனுசனைக் கெடுத்த மாதிரி ஆயிரும்."

கத்தினேன். தட்டை எடுத்து முற்றத்தில் வீசினேன். அவர் போய் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து அலம்பி வைத்தார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த சண்டை.

அடுத்த வாரம் ஒரு நாள் நான் சாப்பாட்டுடன் போனபோது மேசை காலியாக இருந்தது.

"வந்து வாங்கிட்டுப் போயிட்டாரா?"

"ம்."

"கொடுத்துட்டீங்களா!"

இவர் கம்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பயப்படாதே. குழல் நல்லாத்தான் உக்காந்திருக்கு. விளக்கை எதிர்ல வெச்சா இம்மி வெளிச்சம் தெரியாது. ஆனா வெடிக்காது. தோட்டாவைக் குத்தற ஊசியை எடுத்து, முனையை அராவிப் போட்டுட்டேன். இழுத்தா டிக்குன்னு சத்தம் வரும், ஊசி தோட்டாவைத் தொடாது."

"சுட்டுப் பாக்கலையா அந்த ஆளு?"

"நான் டயர்ல கட்டி, கயிறு போட்டு இழுத்துச் சுட்டுப் பாத்துட்டேன்னு சொன்னேன். 'நீங்க சொன்னாப் போதுங்க'ன்னு சொல்லிட்டு வாங்கிட்டாரு. எனக்கு எதிர்ல ஒடிச்சுக்கூடப் பாக்கலை."

எப்படிப் பார்ப்பார்? வேலை செய்தவன் முன்னால் வேலையைச் சோதித்துப் பார்ப்பது மரியாதைக் குறைவாயிற்றே! இரண்டு மரியாதைக்காரர்களும் சேர்ந்து கும்பிட்டுக்கொண்டு ஒரு பொய்யைக் கைமாற்றியிருக்கிறார்கள். எனக்கு இவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதே நேரம், சரி, தம்பிக்காரன் உயிர் தப்பியது என்று ஒரு நிம்மதியும் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

அந்த நிம்மதி பஸ் ஏறி வீடு வருவதற்குள் போய்விட்டது. அந்தக் காட்டுக்குள் யானை வருமே என்றேன். "வேட்டுப் போடுவாங்க, தகரம் அடிப்பாங்க" என்றார். துப்பாக்கி இருக்கிறதென்று நம்பி எதிரில் போய் நிற்கிறவன் தகரத்தை எங்கே தேடுவான் என்றேன்.  மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் பட்டறையில் எந்த வேலையும் எடுக்கவில்லை. கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டாமுத்தூருக்குப் போய் ஏதாவது சாக்குச் சொல்லித் துப்பாக்கியை வாங்கி வந்துவிடுங்கள், நானும் கூட வருகிறேன் என்றேன். "நாளைக்குப் போலாம்" என்றார். போயிருந்தால் என்ன சாக்குச் சொல்லியிருப்பார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலைப் பேப்பரில் மூலையில் வந்திருந்தது. தோட்டத்தில் புகுந்த ஒற்றை யானை மிதித்து விவசாயி பலி. பேர் காளிச்சாமி.

இவர் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். நானும் கூடவே போனேன், தனியாக விட எனக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு தினமும் போனேன்.  சந்தில் யார் காலடி கேட்டாலும் இவர் எழுந்து நின்றுவிடுவார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மோகன்குமார் வந்தார். நாங்கள் அதுவரை அவரைப் பார்த்ததில்லை. முப்பத்தைந்து வயது, மொட்டைத் தலை, கறுப்பு வேட்டியின் சாயம் இடுப்பில் இன்னும் போகவில்லை. பேரைச் சொன்னதும் நான் எழுந்து சுவரோரம் ஒதுங்கினேன். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்கார வரலீங்க" என்றார் அவர். "ஊருக்குள்ள ஆளாளுக்குப் பேசுவாங்க. கொழல் மாத்துன ஆளு சரியில்லைன்னு சொல்லிப்போடுவாங்க. அது உங்க காதுல உழுந்து நீங்க வருத்தப்படக் கூடாதுன்னுதான் வந்தனுங்க. உங்க வேலையில ஒரு கொறையும் இல்லீங்க."

இவர் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெடியக்காலம் தொட்டியில குளிக்கறதுக்கு எறங்கினனுங்க. வாழைக்குள்ள நின்னிருக்குது, நான் பாக்கலை. கிட்ட வந்துருச்சு. அண்ணன் எங்கிருந்துதான் ஓடியாந்தாரோ, துப்பாக்கியோட எனக்கும் அதுக்கும் நடுவுல நின்னுட்டாருங்க. மேல பாத்து இழுத்தாரு. டிக்குன்னுது. ஒடிச்சு, வேற தோட்டாப் போட்டு மறுக்கா இழுத்தாரு. அதுக்கும் டிக்குத்தான். 'ஓடுங்க சாமி'ன்னு கத்துனாரு. நான் மோட்டார் ரூமுக்குள்ள ஓடிப்போட்டேன்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தோட்டா நமுத்துப்போச்சுங்க. எங்கண்ணி சாமியாத்தா அதை அடுப்புக்கு மேல வெச்சிருந்தாங்க. மழைக்கு ஒழுகுதுன்னு எடுத்து உள்ரூமுக்கு மாத்திப்போட்டாங்களாம். நாந்தான் எமனாப் போயிட்டேன்னு தலை தலையா அடிச்சுக்கறாங்க. ஊரும் அதைத்தான் சொல்லுது."

"சாமி...ங்களா?" என்றார் இவர். 

"மாலை போட்டிருந்தனுங்க, சபரிமலைக்கு. அதுக்குத்தான் ஊட்டுல படுக்காம சாளையில படுத்தேன். யானை நடமாட்டம் இருக்குது, அவரு தனியாப் படுக்கறாருன்னு அண்ணன் பொலம்பிக்கிட்டே இருந்தாரு. நீங்க துப்பாக்கி குடுத்த ராத்திரியிலயிருந்தே சாளைக்கு வெளியில வந்து படுத்துக்கிட்டாரு. கெணத்துச் சண்டை எல்லாம் மாலை போட்ட அன்னைக்கே தீந்துபோச்சுங்க. எங்கண்ணன் எங்கால்ல உழுந்து கும்புட்டாரு. அதுக்கப்பறம் என்னை அவன் இவன்னு சொன்னதே இல்லீங்க."

மாலை போட்டவனுக்குப் பெற்ற தகப்பனே ங்க போடுவான். இது தெரியாத ஆள் இந்தக் கோயமுத்தூரில் உண்டா? கார்த்திகை மாதத்தில், ஒருத்தன் வீட்டை விட்டுத் தனியாகப் படுக்கிறான் என்றால், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

"தோட்டா நமுக்கலைங்க" என்றார் என் வீட்டுக்காரர். "ஊசியை நாந்தாங்க அராவிப்போட்டேன். வெடிக்கக் கூடாதுன்னுதான் பண்ணினேன்."

மோகன்குமாருக்கு முதலில் விளங்கவில்லை. "ஏனுங்க?" என்றார்.

"உங்கண்ணன் உங்களைச் சுட்டுப்போடுவாருன்னு நெனச்சுட்டேனுங்க."

அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்கண்ணனா?" என்றார். கொஞ்சம் கழித்து, "என்னையா?" என்றார். நான் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை. இவர் பையிலிருந்து சாவியை எடுத்தார். "வாங்க, ஸ்டேசனுக்குப் போலாம். நானே எழுதிக் குடுத்துப்போடறேன்" என்றார்.

"வேண்டாங்க." மோகன்குமார் எழுந்தார். "அங்க போனா ஏன் அராவுனீங்கன்னு கேப்பாங்க. நீங்களும் சொல்லுவீங்க. தம்பியைச் சுடறதுக்குத் துப்பாக்கி கேட்டவருன்னு எங்கண்ணனுக்குப் பேராயிரும். என்னைக் காப்பாத்திப்போட்டுச் செத்தவருங்க. அந்தப் பேரு அவருக்கு வேண்டாம். தோட்டா நமுத்துப்போச்சுன்னே இருக்கட்டுங்க."

"அப்ப உங்க அண்ணி?" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அண்ணி தாங்கிக்குவாங்க" என்றார். பிறகு இவரைப் பார்த்து, "ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

 அன்றைக்காவது என் வீட்டுக்காரர் "முடியாது" என்று சொல்லியிருக்கலாம். "சரிங்க" என்றார்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் யாருக்கும் சரி என்று சொல்லவுமில்லை. மறுநாள் காலையில் தொண்டாமுத்தூர் பஸ் ஏறி, வழி கேட்டு, அந்தத் தோட்டத்துக்குப் போனேன். வெயிலடிக்கிற இடமாகப் பார்த்து ஒரு அம்மாள் முறத்தில் எதையோ பரப்பி உட்கார்ந்திருந்தார். கிட்டே போனதும்தான் தெரிந்தது, மிச்சமிருந்த தோட்டாக்கள். மிளகாய் காய வைக்கிற மாதிரி ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்றுகூடக் கேட்காமல், "வாங்க, உக்காருங்க. இது காஞ்சிருச்சான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க அம்மணி" என்றார்.

"அது நனையவே இல்லைங்க" என்று ஆரம்பித்தேன். ஊசி, அரம், "அவரு" என்ற வார்த்தையை இவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது, எல்லாம் சொன்னேன். எதையும் மழுப்பவில்லை. சாமியாத்தாள் முறத்தைக் கீழே வைத்தார். 

"எந்திரிச்சுப் போடி" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். கடைக்கு வந்தபோது இவர் பட்டறைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் எங்கே போய் வருகிறேன் என்று என் காலில் இருந்த செம்மண்ணைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். "வாங்க" என்று ஆரம்பித்தவர் கடைசியில் போட்ட அந்த "டி"யையும் விடாமல் சொன்னேன். காளிச்சாமிக் கவுண்டர் செத்ததற்கு அப்புறம் அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் வாய் விட்டு அழுதார்.